பாப்பம்மாளின் இரண்டரை ஏக்கர்

2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 25ஆம் தேதி, இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி தமிழ்நாட்டில் உள்ள கோயம்புத்தூருக்கு வந்திருந்தார். அங்கே அவர் சந்தித்தவர்களுள் ஒருவர் மிகவும் வயதான ஒரு மூதாட்டி. பிரதமர் அவர் முன் கைகூப்பித் தலைவணங்கினார். அந்தப் படம் நாளிதழ்களில் வெளிவந்தது. கைப்பேசிகள் வழியாகப் பல நாடுகளுக்கும் பரவியது.

அந்த மூதாட்டியின் பெயர் பாப்பம்மாள். அவர் ஓர் உழவர். அதற்கு ஒரு மாதம் முன்புதான், குடியரசு நாளையொட்டி இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை அறிவித்திருந்தது. பொதுமக்களுக்கு இந்தியா வழங்கும் விருதுகளில் உயர்வான நான்கில் அதுவும் ஒன்று. வேளாண்மைக்காக அவருக்கு அந்த விருது கிடைத்தது. அப்போது அவருடைய வயது 105 என்று நாளிதழ்கள் எழுதின.

அவர் பிறந்த ஆண்டு 1914 என்று வேறு சில குறிப்புகள் சொல்கின்றன. அப்படிப் பார்த்தால் வயது சற்றுக் கூடும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அந்தக் காலத்துக் கிராமங்களில் பிறப்புச் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. "பெருமழை பெய்த வருடம் பிறந்தவள்", "கோயில் தேர் புதிதாகச் செய்த வருடம் பிறந்தவன்" என்று சொல்லித்தான் வயதைக் கணக்கிடுவார்கள். உங்கள் கொள்ளுப்பாட்டியின் வயதைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் இப்படி ஒரு பதில் கிடைத்திருக்கலாம். முதல் உலகப் போர் தொடங்கிய காலத்தை ஒட்டிப் பிறந்தவர் பாப்பம்மாள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது இந்தியாவும் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தன.

சிறு வயதிலேயே பாப்பம்மாள் தம் பெற்றோரை இழந்தார். அவரையும் அவருடன் பிறந்தவர்களையும் அப்பாவைப் பெற்ற பாட்டி தம்மிடம் அழைத்துக்கொண்டார். அப்படித்தான் அவர் தேக்கம்பட்டிக்கு வந்து சேர்ந்தார். பிறகு அந்த ஊரே அவருடைய ஊர் ஆயிற்று.

தேக்கம்பட்டி, கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையத்துக்கு அருகில் உள்ள கிராமம். நிமிர்ந்து பார்த்தால் நீலகிரி மலை தெரியும். மலையிலிருந்து இறங்கி வரும் பவானி ஆறு பக்கத்தில் ஓடுகிறது. ஆற்றங்கரையில் வனபத்ரகாளியம்மன் கோயில் இருக்கிறது. ஆடி மாதத்தில் அங்கே நடக்கும் குண்டம் திருவிழாவில் பக்தர்கள் நெருப்பின்மேல் நடப்பார்கள். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் நடந்து சென்று, சவுத் பிரிட்ஜ் சாலையில் உள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் தீமிதிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதைத்தான் கொங்கு நாட்டார் 'குண்டம் இறங்குதல்' என்கிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில் யானைகளை ஒன்றாக அழைத்துவந்து ஓய்வு கொடுக்கும் முகாமும் பல ஆண்டுகள் இந்தத் தேக்கம்பட்டியில்தான் நடந்தது. மலை, ஆறு, கோயில், யானை என்று ஊர் அழகானதுதான். ஆனால், அழகு வயிற்றை நிரப்பாது. பெற்றோர் இல்லாத குடும்பத்துக்கு வருமானம் வேண்டும்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு சிறிய மளிகைக் கடை இருந்தது. பாப்பம்மாள் அதை ஏற்று நடத்தினார். அரிசி, பருப்பு, புளி, உப்பு, மிளகாய் போன்ற அன்றாடப் பொருள்களைச் சிறிது சிறிதாக அளந்து கொடுக்கும் கடைதான் கிராமத்து மளிகைக் கடை. நம் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் இருக்கும் மாமாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடையோடு ஓர் உணவுக் கடையையும் அவர் தொடங்கினார்.

அக்காலத்தில் கிராமத்தில் உணவுக் கடை நடத்துவது எளிய வேலை அன்று. கிராமங்களில் மாவரைக்கும் இயந்திரம் கிடையாது. மாலையில் ஆட்டுக்கல்லின்முன் உட்கார்ந்து கையால்தான் ஆட்ட வேண்டும். எரிவாயு அடுப்பு கிடையாது. விறகு வாங்கிக் காயவைக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் கிடையாது. கிணற்றிலிருந்து இறைத்துச் சுமந்து வர வேண்டும். வயலுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் வந்து நிற்பார்கள் என்பதால், கடைக்காரர் அவர்களுக்கு முன்பே எழுந்தாக வேண்டும். விடியுமுன் எழும் பழக்கம் பாப்பம்மாளை நூறு வயதைத் தாண்டியும் விடவில்லை.

கடையில் கிடைத்த லாபத்தை அவர் சேர்த்து வைத்தார். அந்தப் பணத்தில் ஊரிலேயே ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினார். ஏக்கர் என்பது உங்களுக்குப் பழக்கமில்லாத அளவாக இருக்கலாம். 10 ஏக்கர் நிலம் ஏறக்குறைய ஆறு கால்பந்துத் திடல்களின் பரப்புக்குச் சமம்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டு வயல்களில் நாற்று நடுபவர்கள் பெண்கள். களை எடுப்பவர்கள் பெண்கள். ஆனால், நிலப் பட்டாவில் பெரும்பாலும் ஆண்களின் பெயரே இருக்கும். பரம்பரைச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே உரிமை மகளுக்கும் உண்டு என்ற சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. இந்தியா முழுமைக்கும் 2005இல் வந்தது. இந்தியாவில் 2015-16இல் எடுக்கப்பட்ட வேளாண் கணக்கெடுப்பின்படி, பயிர் செய்யும் நில உடைமைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 14 மட்டுமே பெண்களிடம் இருந்தன. பாப்பம்மாள் இந்தச் சட்டங்களுக்காகக் காத்திருக்கவில்லை. பருப்பும் புளியும் விற்ற காசில் நிலம் வாங்கினார். பத்மஸ்ரீ விருதைவிட இதைத்தான் அவருடைய பெரிய சாதனை என்று நான் கருதுகிறேன். விருது கொடுப்பவர் பிறர்; நிலம் வாங்கும் முடிவை எடுத்தவர் அவர்.

ஊர்ப் பொது வேலைகளிலும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. 1958இல் அன்றைய சென்னை மாநிலத்தில் புதிய ஊராட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டே, அதாவது 1959இல், பாப்பம்மாள் தேக்கம்பட்டி ஊராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பின்னர், பல ஊராட்சிகளை உள்ளடக்கிய காரமடை ஊராட்சி ஒன்றியத்திலும் உறுப்பினராக இருந்தார். உள்ளாட்சி மன்றங்களில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று இந்திய அரசியல் சட்டம் திருத்தப்பட்டது 1993இல்தான். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்பே, எந்த ஒதுக்கீடும் இல்லாத காலத்தில், அவர் ஊர் மன்றத்தில் அமர்ந்திருந்தார்.

இனி அவருடைய வயலுக்கு வருவோம். பாப்பம்மாள் தம் நிலத்தில் சிறுதானியம், பயறு வகைகள், காய்கறி, வாழை ஆகியவற்றைப் பயிரிட்டார். அவர் இளமையில் பார்த்த வேளாண்மை பழைய முறையிலானது. மாட்டுச் சாணம், இலைதழை, சாம்பல் ஆகியவையே உரம். சென்ற ஆண்டு அறுவடையில் எடுத்து வைத்த விதையே இந்த ஆண்டுக்கு விதை. கொங்கு நாட்டில் பல இடங்களில் மழை குறைவு. கிணற்று நீரை நம்பித்தான் பயிர்.

1960களில் நிலைமை மாறியது. இந்தியாவில் உணவுப் பஞ்சம் நிலவியது. வெளிநாடுகளிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தது. விளைச்சலைப் பெருக்கியே ஆக வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. அப்போது உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம், பாப்பம்மாள் வாழ்ந்த அதே கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர். வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதனும் மற்றவர்களும் புதிய வீரிய விதைகளைக் கொண்டுவந்தார்கள். அவற்றோடு வேதி உரமும் பூச்சிக்கொல்லியும் வயலுக்குள் வந்தன. விளைச்சல் பெருகியது. இதைப் பசுமைப் புரட்சி என்கிறோம். அது கோடிக்கணக்கானோரின் பசியைத் தீர்த்தது என்பதை மறக்கக் கூடாது. இன்று சிலர் அதை வில்லன்போலப் பேசுவது நியாயம் இல்லை.

ஆனால், விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. மண்ணை வெறும் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கும் பழைய உழவர்கள், அதன் மணம் மாறிவிட்டது என்றார்கள். அது வெறும் கற்பனை அன்று. நல்ல மண்ணில் மண்புழுக்களும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் ஏராளமாக வாழ்கின்றன. அவை இலைதழைகளை மக்கச் செய்து, பயிர் உறிஞ்சக்கூடிய உணவாக மாற்றுகின்றன. சாணமும் தழையும் போடாமல் பல ஆண்டுகள் வேதி உரத்தை மட்டுமே போட்டுவந்தால், மண்ணில் மக்கிய பொருள் குறையும், அதை உண்டு வாழும் உயிர்களும் குறையும், மண் இறுகும், மழைநீரைப் பிடித்து வைக்கும் ஆற்றலும் குறையும். பிறகு அதே விளைச்சலை எடுக்க முன்னைவிட அதிக உரம் தேவைப்படும். சிறிய உழவர் கடன் வாங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

பாப்பம்மாள் இயற்கை வேளாண்மையின் பக்கம் நின்றார். பழைய பழக்கத்தை விடமுடியாத பிடிவாதம் என்று இதை எண்ணிவிடக் கூடாது. அவர் தேடிச் சென்று கற்றவர். கோயம்புத்தூரில் ஒரு பெரிய வேளாண் கல்வி நிலையம் இருக்கிறது. 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1900களின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு இடம் மாறி, 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது அது. அங்கே நடக்கும் உழவர் கூட்டங்களுக்கும் பயிற்சிகளுக்கும் பாப்பம்மாள் போய்வந்தார். பேராசிரியர்கள் சொல்வதைக் கேட்டார். தம் அனுபவத்தையும் அவர்களிடம் சொன்னார். காலப்போக்கில், இயற்கை வேளாண்மையில் மற்ற உழவர்களுக்கு வழிகாட்டும் முன்னோடி உழவராக அவரே ஆனார்.

அப்படி என்ன கற்றார்கள் அந்த உழவர்கள்? ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். காற்றில் நைட்ரஜன் என்னும் வாயு நிறைந்திருக்கிறது. பயிருக்கு அது தேவை. ஆனால், காற்றிலிருந்து அதை நேரடியாக எடுத்துக்கொள்ள நெல்லுக்கும் சோளத்துக்கும் தெரியாது. பாசிப்பயறு, உளுந்து, கொள்ளு போன்ற பயறுச் செடிகளின் வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. செடி மக்கும்போது அது மண்ணில் சேர்கிறது. எனவே, ஒரு பருவம் சோளமும் அடுத்த பருவம் பயறும் மாற்றி மாற்றி விதைத்தால், மண்ணுக்கு உரம் தானாகவே கிடைக்கும். இதைப் பயிர்ச் சுழற்சி என்பார்கள். நம் முன்னோர் அனுபவத்தால் இதை அறிந்திருந்தார்கள். காரணத்தைச் சொன்னது அறிவியல். பள்ளியில் அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் நைட்ரஜன் சுழற்சியை, பாப்பம்மாளைப் போன்ற உழவர்கள் வயலில் கண்டு வாழ்ந்தார்கள்.

இதேபோல், சணப்பு, தக்கைப்பூண்டு போன்ற செடிகளை வளர்த்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதால் அவை பசுந்தாள் உரமாகும். சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஆகிய ஐந்தையும் கலந்து புளிக்கவைத்தால் பஞ்சகவ்வியம் கிடைக்கும். அதை நீரில் கரைத்துப் பயிருக்குத் தெளிப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது பொறுமை. வேதி உரத்தின் பலன் சில நாள்களில் தெரியும். மண்ணைத் தேற்ற ஆண்டுகள் ஆகும்.

பொறுமை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. பாப்பம்மாளுக்கு விருது அறிவிக்கப்பட்ட அதே 2021ஆம் ஆண்டில், இலங்கை அரசு வேதி உர இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்தது. நாடு முழுவதும் உடனே இயற்கை வேளாண்மைக்கு மாற வேண்டும் என்றது. உழவர்களுக்குப் பயிற்சி இல்லை. போதுமான இயற்கை உரமும் இல்லை. நெல்லும் தேயிலையும் பாதிக்கப்பட்டன. சில மாதங்களில் அரசு அந்தத் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. ஒரு பெண் பல ஆண்டுகள் தம் நிலத்தில் பார்த்துப் பார்த்துச் செய்த ஒன்றை, ஓர் ஆணையால் ஒரே பருவத்தில் செய்துவிட முடியவில்லை.

பாப்பம்மாளின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் செய்தியாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். நூறு வயதைக் கடந்த பிறகும் அவர் விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்துவிடுவார். ஆறு மணிவாக்கில் வயலில் இருப்பார். வெந்நீர் குடிப்பார். கீரையும் காய்கறியும் நிறைய உண்பார். நீண்ட ஆயுளின் இரகசியத்தை அறிய வந்தவர்கள் இவற்றை ஆவலோடு குறித்துக்கொண்டார்கள். கூடவே, அவருக்கு மிகவும் பிடித்த உணவு ஆட்டிறைச்சிப் பிரியாணி என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது! உணவைவிட உழைப்பில்தான் அந்த இரகசியத்தைத் தேட வேண்டும்போலும்.

கொங்கு நாட்டுக் கிராமங்களில் உழைப்பும் வழிபாடும் தனித்தனி அல்ல. சித்திரையில் நல்ல நாள் பார்த்து, மாட்டுக்கும் கலப்பைக்கும் பொட்டு வைத்துக் கும்பிட்டுத்தான் முதல் உழவு தொடங்கும். இதைப் பொன்னேர் பூட்டுதல் என்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்குபவர்களை இன்றும் அங்கே காணலாம். விளைந்ததில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுத்த பிறகே வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வழக்கமும் உண்டு. இந்தப் பின்னணியில் பார்த்தால், நாள் தவறாமல் ஆறு மணிக்கு வயலுக்குச் சென்ற பாப்பம்மாளின் ஒழுங்கை 'நோன்பு' என்ற சொல்லால்தான் குறிக்கத் தோன்றுகிறது. மழை வந்தாலும் வராவிட்டாலும், விலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அது மாறவில்லை.

ஆயினும், உடலுக்கு ஓர் எல்லை உண்டு. முதுமை வந்தபோது 10 ஏக்கரையும் தம்மால் பார்த்துக்கொள்ள முடியாது என்பதை அவர் உணர்ந்தார். பெரும்பகுதியை விற்றுவிட்டு, இரண்டரை ஏக்கரை மட்டும் வைத்துக்கொண்டார். ஏறக்குறைய ஒன்றரைக் கால்பந்துத் திடல். பலர் இந்த வயதில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஓய்வெடுப்பார்கள். வேறு சிலர் முடியாத நிலத்தையும் விடாமல் தரிசாகப் போட்டு வைப்பார்கள். பாப்பம்மாள் தம் உடல் வலிமையை அளந்து, அதற்கேற்ப நிலத்தை அளந்துகொண்டார். எவ்வளவை விடுவது, எவ்வளவை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வது, புதிதாக ஒன்றை வாங்குவதைவிடக் கடினமானது.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இரண்டரை ஏக்கர் வயல் என்பது எட்டாத ஒன்று. நாம் உண்ணும் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. தேக்கா சந்தையில் முருங்கைக்காயையும் வெண்டைக்காயையும் எடுத்துப் பார்க்கும் நாம், அவற்றை விளைவித்தவர் யார் என்று கேட்பதில்லை. தேக்காவும் எப்போதும் இன்றுபோல் இருந்ததில்லை. ஒரு காலத்தில் அந்த வட்டாரம் மாட்டுப் பட்டிகள் நிறைந்த இடம். கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். பஃபலோ சாலையின் பெயரும் அதை நினைவூட்டுகிறது. அங்கே மாடு வளர்த்தவர்களிலும் பால் கறந்து விற்றவர்களிலும் தமிழர்கள் பலர் இருந்தார்கள். பாப்பம்மாளைப் போன்ற பாட்டிமார் உங்கள் குடும்பங்களிலும் இருந்திருக்கலாம். அவர்களுக்கு விருது எதுவும் வந்திருக்காது. இப்போது உயிரோடு இருப்பவர்களிடம், அவர்கள் என்ன வேலை செய்தார்கள், எத்தனை மணிக்கு எழுந்தார்கள், முதன்முதலில் சொந்தமாக எதை வாங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பாப்பம்மாள் 2024ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27ஆம் தேதி காலமானார். தமிழில் அது புரட்டாசி மாதம். வடகிழக்குப் பருவமழை வருவதற்குச் சில வாரங்களே இருந்தன. அந்த மழையை எதிர்பார்த்து, கொங்கு நாட்டு உழவர்கள் கொள்ளு விதைக்க நிலத்தை உழுது வைக்கும் நேரம் அது.